வேதமும் துரைத்தனமும்

ஒரு நூலுக்குப் பொருள் கூறுபவன் எந்தப் பக்கமும் சாராது நின்று பொருள் கூற இயலுமா? இயலாதெனின், எந்தப் பக்கம் சார்வது அறமாகும்? மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இவ்வினாக்கள் இலக்கிய வகுப்பறைக்கு உரியவையாகத் தோன்றலாம். ஆயின் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு வேதநூல் வாசிக்கப்பட்டு வந்த வரலாற்றைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால், அவை கூலியையும் நிலத்தையும் குடியுரிமையையும் தொடுகின்ற வினாக்கள் என்பது புலனாகும்.

தமிழ் கற்றோர்க்கு முதல் வினாவின் விடை புதிதன்று. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பது மரபு. அப்பதின்மருள் தலையாயவராகப் போற்றப்படும் பரிமேலழகர், அறம் இன்னதென விளக்கப் புகும்போதே மனு முதலிய நூல்களைத் துணைக்கு அழைக்கிறார். பிறப்பினால் மனிதரைப் பிரிக்காத ஒரு நூலின் வாயிலில் வருண ஒழுக்கம் காவலாக நிறுத்தப்பட்டுவிடுகிறது. அவருடைய புலமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அவர் நின்ற இடமே வினாவுக்குரியது. நிற்குமிடம் இல்லாத உரை எங்கும் இல்லை. தான் நடுநின்று உரைப்பதாகச் சாதிக்கும் உரையாசிரியன், பெரும்பாலும் தன் காலத்து ஆளுவோரின் முற்றத்தில் நின்றுகொண்டே அதைச் சாதிக்கிறான்.

கிறிஸ்தவ வேதத்தின் உரை வரலாறும் இவ்விதிக்கு விலக்கன்று. அவ்வேதத்தை ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்று வாசிக்க வேண்டும் என்றது விடுதலை இறையியல். அவ்வேதம் எந்தக் கப்பலில் ஏறி வந்தது, யார் கையில் கருவியாயிற்று என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்றது அதன் பின்னெழுந்த பின்காலனிய வாசிப்பு. இவ்விரண்டும் மலையகத்தில் எவ்வாறு பொருந்துகின்றன, எங்கே இடறுகின்றன என்பதை ஆராய்வதே நம் நோக்கம். மலையகத் தமிழருள் கிறிஸ்தவர் சிறுபான்மையினரே. மாரியம்மனும் முனியாண்டியும் காமனும் அங்குப் பெருந்தெய்வங்கள். எனினும் அந்நூலைக் கொண்டு நடந்த வாதம் கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. உழைக்கும் மக்கள் தம் கையில் கொடுக்கப்பட்ட ஒரு நூலை எவ்வாறு தமதாக்கிக்கொள்வது என்னும் பொதுப் பிரச்சினை அதனுள் அடங்கியிருக்கிறது.

* * *

1854ஆம் ஆண்டை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். அவ்வாண்டிலேதான், கண்டிப் பிரதேசத்துக் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளரிடையே சமயம் பரப்பும் பொருட்டுத் 'தமிழ்க் கூலி மிஷன்' தோன்றியது. அதன் பெயரே அக்காலத்தின் மனநிலைக்குச் சான்று. தோட்டத் துரைமாரின் நன்கொடையும் சேர்ச் மிஷனரிச் சங்கத்தின் ஆதரவும் அதனைத் தாங்கின. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டனர். லயங்களிலும் பெரட்டுக் களங்களிலும் அவர்கள் வேதம் வாசித்தனர். எழுத்தறியாத மக்களிடையே எழுத்தையும் அவர்கள் கொண்டு சென்றனர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் துரையின் இசைவின்றித் தோட்டத்து எல்லைக்குள் கால் வைக்க இயலாத ஒரு போதகன், அத்தோட்டத்தில் எதைப் போதிக்கக்கூடும், எதைப் போதிக்க இயலாது என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். பவுலின் பெயரால் எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆறாம் அதிகாரம், ஊழியம் செய்வோர் தம் எசமானர்க்கு அஞ்சிக் கீழ்ப்படிய வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. துரைமார்க்கு இதைவிட உவப்பான பகுதி வேறிராது. ஆனால் அதே அதிகாரத்தில் ஏழு வசனங்கள் கழிந்ததும் காட்சி மாறுகிறது. விசுவாசிகளுக்கு ஒரு போர் உண்டென்றும், அது சாதாரண மனிதரோடு நடக்கும் போரன்று என்றும் நிருபம் கூறுகிறது. அப்போர் யாரோடு என்று சொல்லுமிடத்தில், புரட்டஸ்தாந்து சபைகளில் இன்றும் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஆளும் சொல் 'துரைத்தனங்கள்' என்பது.

மொழிபெயர்த்தவர்கள் கலகம் விளைக்கக் கருதி இச்சொல்லைத் தேர்ந்தவர்களல்லர். கம்பெனி ஆட்சிக் காலந்தொட்டு அரசாங்கத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கிய சொல் அது. ஆயினும் அச்சொல் தோட்டத்துக்குள் நுழைந்தபோது அதன் பொருள் வேறாயிற்று. பெரியதுரையும் சின்னத்துரையும் நாள்தோறும் எதிரில் நின்ற மக்களின் செவியில், துரைத்தனத்தோடு போர் உண்டு என்று வேதமே சொன்னால் அது என்ன ஒலி எழுப்பியிருக்கும்! ஒரே அதிகாரத்தில் கீழ்ப்படிதலும் இருக்கிறது, போரும் இருக்கிறது. எதை உரக்க வாசிப்பது, எதை விரைந்து கடந்துவிடுவது என்பதை நூல் தீர்மானிப்பதில்லை, வாசிப்பவன் தீர்மானிக்கிறான். அவனுடைய சம்பளத்தை யார் கொடுக்கிறார் என்பதும் பல வேளைகளில் தீர்மானிக்கிறது.

* * *

இந்த நிலைமையைத் தலைகீழாக்க முயன்றதே விடுதலை இறையியல். 1968இல் கொலம்பிய நாட்டு மெதெயின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள், தம் கண்டத்தின் வறுமையை இறைவனின் சித்தமாகக் கொள்ளாது, அநீதியின் விளைவாகக் கண்டனர். 1971இல் பெரு நாட்டுக் குரு குஸ்தாவோ குத்தியெரெஸ் இச்சிந்தனைக்கு நூல்வடிவம் தந்தார். ஏழைகளின் விடுதலைப் போராட்டத்தில் பங்குகொண்ட பின்னரே வேதத்தின் பொருள் விளங்கும் என்பது அவர் கருத்தின் சாரம். செயல் முன்னது, சிந்தனை பின்னது.

இலங்கையில் இவ்வலை வீசுவதற்கு முன்னரே நிலம் உழப்பட்டிருந்தது. கிறிஸ்தவத் தொழிலாளர் கூட்டுறவு 1958இலேயே தொடங்கப்பட்டது. கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972இல் புதிதாக அமைந்த பதுளை மறைமாவட்டத்துக்குத் தாமே விரும்பிச் சென்றார். வசதி மிகுந்த ஆசனத்தை விட்டு ஏழை விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் வாழும் பின்தங்கிய பிரதேசத்துக்கு ஓர் ஆயர் சென்றதே ஒரு வேத வியாக்கியானம் எனலாம். அதே 1972இல் யேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதய நிலையத்தை நிறுவினார். சிங்களரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து உழைக்கும் இல்லமாக அது அமைந்தது. 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் உருவாயிற்று. தோட்டங்களில் பசி மரணங்கள் நிகழ்ந்த காலம் அது. மாவுக்கும் அரிசிக்கும் தொழிலாளர் ஏங்கிய அந்நாட்களில், வேதம் படிப்பதும் பட்டினியைப் பதிவு செய்வதும் இக்குழுவினர்க்கு இரு வேறு பணிகளாக இருக்கவில்லை.

இப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது வேதத்தின் பழகிய பகுதிகள் எவ்வளவு புதியனவாகின்றன என்பதற்கு யாத்திராகமத்தின் ஐந்தாம் அதிகாரம் ஒன்றே போதும். எகிப்தில் செங்கல் அறுக்கும் அடிமைகள் ஓய்வு கேட்கிறார்கள். மன்னன் சினந்து, இதுவரை கொடுத்துவந்த வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல்லின் கணக்கை மட்டும் குறைக்காமல் கேட்கிறான். தோட்டத் தொழிலாளிக்கு இது பண்டைக் கதையன்று. 2021 மார்ச்சு மாதத்தில் நாட்கூலி 1,000 ரூபாயென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதும், பல தோட்டங்களில் ஒரு நாளுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் இவ்வித்தையை மூவாயிரம் ஆண்டுகட்கு முந்திய மன்னனும் அறிந்திருந்தான் என்பதே அவ்வதிகாரத்தின் செய்தி.

அதிலே இன்னொரு நுட்பமும் உண்டு. அடிமைகளை நேரே வேலை வாங்குபவர்கள் இரு வகையினர். மன்னனின் ஆளோட்டிகள் ஒரு வகை. அவர்களுக்குக் கீழே, அடிமைகளின் சொந்த இனத்திலிருந்தே நியமிக்கப்பட்ட தலைவர்கள் மற்றொரு வகை. கணக்குக் குறைந்தால் அடி விழுவது இத்தலைவர்களின் முதுகில். அவர்கள் மன்னனிடம் சென்று முறையிடுகிறார்கள். அவன் விரட்டியதும் திரும்பி வந்து மோசேயைத் திட்டுகிறார்கள். கங்காணியை அறிந்த சமுதாயத்துக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. அவனும் அதே கிராமத்தான். பல வேளைகளில் உயர்ந்த சாதியான். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தரகு பெற்றவன். தொழிலாளியின் கடனைத் 'துண்டு'ச் சீட்டில் எழுதி அவனையே ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்றிய வழக்கம் 1921இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஒடுக்குமுறை எப்போதும் ஒடுக்கப்பட்டோரிடையே ஒரு கங்காணியைத் தேடிக்கொள்கிறது என்னும் உண்மையை அவ்வதிகாரம் எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறது!

* * *

ஆயின் யாத்திராகமத்தின் அடுத்த படியில்தான் மலையகத்தில் இடறல் தொடங்குகிறது. பழைய தமிழ் வேதம் இந்நூலை 'யாத்திராகமம்' என்று வழங்கியது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'விடுதலைப் பயணம்' என்று பெயரிட்டது. பெயர் மாற்றத்துக்குள்ளேயே ஓர் உரை மறைந்திருக்கிறது: வெளியேறிச் செல்வதே விடுதலை. இலத்தீன் அமெரிக்காவில் அது எழுச்சிதரும் உருவகம். மலையகத்தில் அதன் கதை வேறு.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 மக்களைத் தாளில் கூறுபோட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் தீர்மானிக்கப்படும். 1974இல் அந்த எஞ்சியோரையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அம்மக்களைக் கேட்டவர் எவருமில்லை. இங்கே 'போ' என்றது மன்னன். 'போகமாட்டோம்' என்று கூறவேண்டிய நிலையில் இருந்தவர்கள் மக்கள். எகிப்தின் மன்னன் போகவிட மறுத்தவன். இம்மன்னர்கள் இருக்கவிட மறுத்தவர்கள். வெளியேற்றத்தை விடுதலை என்று இம்மக்களுக்குப் பிரசங்கிப்பது அரசாங்கத்தின் சுற்றறிக்கையை வேத மொழியில் வாசிப்பதற்குச் சமமாகும்.

சென்றவர்கள் கண்ட 'வாக்களிக்கப்பட்ட நாடு' எத்தகையது? தாயகம் திரும்பியோர்க்கு வேலை தரும்பொருட்டுத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது. பின்னர் டான்டீ என்னும் கழகமாக வளர்ந்தது அது. பாலும் தேனும் ஓடும் என்ற நாட்டில் அவர்களை எதிர்கொண்டதும் அதே தேயிலைச் செடி, அதே கூடை, அதே லயம். அவ்வளவுமன்று. அத்தேயிலை நடப்பட்டது காட்டு நிலத்தில். கூடலூர்ப் பகுதிக் காடுகளில் பணியரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தவர்கள். ஒருவர்க்கு வாக்களிக்கப்பட்ட நிலத்தில் மற்றொருவர் முன்னரே இருந்தார்.

இவ்விடத்தில்தான் விடுதலை இறையியலை நோக்கி ஒரு கடுமையான வினா எழுந்தது. 1989இல் அமெரிக்கப் பழங்குடிகளுள் ஒன்றான ஓசேஜ் இனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர், யாத்திராகமக் கதையைக் கானானியர் பக்கம் நின்று வாசித்தார். அடிமைகளை விடுவித்த அதே தெய்வம், அடுத்த பகுதியில், கானானில் வாழ்ந்தவர்களை அழித்து நிலத்தைக் கைப்பற்ற ஆணையிடுகிறது. வெள்ளைக் குடியேறிகள் தம்மை இஸ்ரவேலராகவும், அமெரிக்கப் பழங்குடிகளைக் கானானியராகவும் கருதியே நிலம் பறித்தனர். கதையின் முதற்பாதியை மட்டும் வாசித்துவிட்டு நூலை மூடிவிடலாமா என்பதே அவர் வினாவின் சாரம்.

மலையகத்திலும் கானானியர் வினா உண்டு. அதற்கு நாம் அஞ்சவேண்டியதில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்டவியலாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமாகக் கருதியது. கண்டிக் கிராமத்தவர் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் சேனைப் பயிருக்கும் பொதுவில் பயன்படுத்திய மலைச்சரிவுகள், தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்குத் தோட்டக்காரர் கைக்கு மாறின. ஆகாப் மன்னன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கொள்வதற்காகப் பொய்ச்சாட்சியும் சட்டமும் துணைக்கொண்ட கதையை வேதம் சொல்கிறது. சிங்களக் கிராமத்தவன் அக்கதையைத் தன் கதையாக வாசிக்க உரிமையுடையவன். ஆனால் ஆகாப் யார் என்பதில்தான் வஞ்சகம் நுழைந்தது. நிலத்தைப் பறித்தது பிரித்தானிய முடி. அதை விலைகொடுத்து வாங்கியது முதலாளித்துவம். அந்நிலத்தில் ஒரு பேர்ச் கூடச் சொந்தமில்லாமல் லயத்துக் காம்பராவில் வாழ்ந்த தொழிலாளியை ஆகாபாகக் காட்டியதே பின்வந்த இனவாத அரசியல். 1977 மே மாதம், தோட்ட நிலம் பிரித்தளிக்கப்படுவதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் திரண்டோரிடையே சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். நாபோத்தின் வாரிசையும் செங்கல் அறுத்த அடிமையையும் மோதவிட்டுவிட்டு மன்னர்கள் மாறிமாறி ஆண்டனர்.

ஆகவே, இங்கு வேதம் வாசிப்பவர் ஒரு கதையைக் கொண்டு ஒரு மக்களை மட்டும் மீட்டுவிட இயலாது. மொனராகலைப் பக்கம் புத்தளையில் பௌத்த விவசாயிகளிடையே வாழ்ந்து, அவர்களுடைய சமயத்தை மாற்ற முயலாமல் அவர்களோடு சேர்ந்து நீதிக்கு உழைத்த குரு மைக்கல் ரொட்ரிகோ இதனை உணர்ந்திருந்தார். 1987 நவம்பர் 10ஆம் நாள் பலிபூசை நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உரை எழுதுவது ஆபத்தற்ற தொழில் என்று நினைப்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

* * *

பின்காலனிய வாசிப்பை ஒரு துறையாக நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் இலங்கைத் தமிழரே என்பது நம்மிற் பலர் கவனியாத செய்தி. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆர். எஸ். சுகிர்தராஜா, 1991இல் தொகுத்த 'விளிம்பிலிருந்து எழும் குரல்கள்' என்று பொருள்படும் நூலினாலும், 1998இலும் 2001இலும் வெளியிட்ட ஆய்வுகளாலும் உலக அளவில் இவ்விவாதத்தைத் தூண்டினார். விடுதலை இறையியல் ஏழையை நேசித்தது. ஆனால் ஏழையின் சமயத்தை மதிக்கத் தவறியது என்பது அவர் சுமத்திய குற்றச்சாட்டுகளுள் ஒன்று. வேதத்துக்குள் விடுதலை முழுவதும் அடங்கியிருப்பதாகக் கொண்டு, வேதமே ஆதிக்கத்தின் கருவியாயிருந்ததை அது போதிய அளவு விசாரிக்கவில்லை என்பது மற்றொன்று.

இவ்விசாரணைக்குத் தமிழில் ஒரு முன்னோடி உண்டு. தமிழ்க் கூலி மிஷன் தோன்றிய அதே 1854இல் ஆறுமுக நாவலரின் 'சைவ தூஷண பரிகாரம்' வெளிவந்தது. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதத்தைத் தமிழாக்க உதவியவர் நாவலர். அந்நூலின் மூலைமுடுக்குகளை அறிந்தவர். சைவக் கோயில் வழிபாட்டைப் பாதிரிமார் பழித்தபோது, பழைய ஏற்பாட்டின் ஆலயத்தையும் பலியையும் தூபத்தையும் விளக்கையும் எடுத்துக்காட்டி, உங்கள் வேதத்தில் உள்ளதைத்தானே எங்களிடம் பழிக்கிறீர்கள் என்ற வகையில் வாதிட்டார். ஆளுவோரின் நூலை ஆளப்படுவோன் திருப்பி வாசித்து விடையிறுத்த அருஞ்செயல் அது.

ஆனால் அதன் எல்லையையும் காணவேண்டும். அவ்வாண்டில் மலைநாட்டுக்கு நடந்து சென்ற தொழிலாளர்க்கு அவ்வாதத்தால் என்ன பயன்? அவர்களுட் பெரும்பகுதியினர், நாவலர் காத்துநின்ற ஆகமக் கோயிலின் உள்ளே நுழைய அனுமதிக்கப்படாத சாதியினர். பாதிரிக்கு விடைசொன்ன நாவலர் சாதி ஒழுங்கை வினவவில்லை, அதனைப் போற்றினார். அந்நியனை எதிர்க்கும் வாசிப்பு அதனாலேயே ஒடுக்கப்பட்டோரின் வாசிப்பாகிவிடாது. விடுதலை வேட்கை இல்லாத காலனிய எதிர்ப்பு மேற்சாதியின் அரணாகிவிடலாம். காலனியத்தை விசாரியாத விடுதலை, கானானியரை மறந்துவிடலாம். ஒன்று மற்றொன்றைத் திருத்த வேண்டும். 1981இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் தொடங்கிவைத்த தலித் இறையியல் வற்புறுத்தியதும் இதனோடு ஒத்ததே: ஏழை என்ற பொதுச்சொல்லுக்குள் சாதியை மறைத்துவிடாதீர்.

* * *

இத்திருத்தம் ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்திலுள்ள திராட்சைத் தோட்டத்து உவமையைத் தோட்டத்தில் வைத்தே சோதித்துப் பார்ப்போம். வீட்டெசமான் ஒருவன் விடியற்காலையில் ஒரு பணம் கூலி பேசி ஆட்களை அழைக்கிறான். பின்னரும் நான்கு முறை சந்தைக்குச் சென்று, வேலையின்றி நின்றோரை அழைத்துவருகிறான். கடைசியாக வந்தோர் ஒரு மணி நேரமே உழைத்தவர்கள். மாலையில் எல்லோர்க்கும் அதே ஒரு பணம். காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

நெடுங்காலமாக வழங்கும் உரை, எசமானைக் கடவுளாகக் கொண்டு, முணுமுணுப்போரைக் கண்டிக்கிறது. தோட்டத்தில் இவ்வுரை எவர்க்குச் சாதகம் என்பது வெளிப்படை. விடுதலை நோக்கில் வாசிப்போர் கூலியின் அளவுகோலைக் கவனிக்கின்றனர். மலையகத்தில் ஒருநாட் கூலிக்கு வழங்கும் சொல் 'பேர்'. குறித்த றாத்தல் கொழுந்து பறித்தால் பேர், குறைந்தால் அரைப்பேர். மழையிலும் அட்டைக் கடியிலும் மலை ஏறி இறங்கியவளின் ஒரு நாள், தராசு முள்ளின் அசைவில் பாதியாகிவிடுகிறது, பெயரே பாதியாகிவிடுகிறது! அந்த உவமையிலோ அரைப்பேர் என்பதே இல்லை. ஒருவன் வாழ ஒரு பணம் தேவை. அது பறித்த அளவைப் பொறுத்ததன்று. தேவைக்கேற்ற கூலி என்னும் கோரிக்கையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலுமா?

மூன்றாவது உரையும் உண்டு. 1994இல் வில்லியம் ஹெர்சாக் என்னும் அமெரிக்க அறிஞர், எசமானைக் கடவுளாகக் கொள்வதையே மறுத்தார். அவன் நிலம் குவித்த செல்வன். சந்தையில் வேலையற்றோர் கூட்டம் நிற்பதால் கூலியை அவனே தீர்மானிக்கிறான். கடைசியில் வந்தோர்க்கு முதலில் கொடுத்துத் தொழிலாளரிடையே பிளவு விளைக்கிறான். தன் உடைமையைத் தன் விருப்பப்படி செய்வேன் என்கிறான். நிலம் இறைவனுக்கே உரியது, அதனை நிரந்தரமாக விற்கலாகாது என்று லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் விதித்திருக்க, இவன் யாருடைய உடைமையைத் தன்னுடையது என்கிறான்?

இம்மூன்றினுள் எது சரி? இலக்கணத்தைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முயன்றால் வழக்கு முடிவுறாது. நம் கருத்தில், உரையின் நேர்மையைச் சோதிக்க இரண்டு வினாக்கள் உள. அவ்வுரையின் விளைவை எந்த உடல் தாங்குகிறது என்பது முதலாவது. அவ்வுரையில் பேசாது விடப்பட்டவர் யார் என்பது இரண்டாவது. முதல் வினாவின்முன் பழைய உரை நிற்காது. அதன் விளைவைத் தாங்குவது முணுமுணுக்கத் தடைசெய்யப்பட்ட தொழிலாளியின் உடல். இரண்டாம் வினாவின்முன் ஏனைய இரண்டும் தலைகுனிய வேண்டும். உவமையின் சந்தையில் நிற்போரிடையே ஒரு பெண்ணையும் எவரும் தேடவில்லை. கொழுந்து பறிப்போரோ பெண்கள். 1984 வரை ஆணைவிடக் குறைந்த நாட்கூலியே பெண்ணுக்கு விதிக்கப்பட்டிருந்தது. கூலி சமமான பின்னரும், காம்பராவுக்குத் திரும்பியதும் தொடங்கும் அடுப்பு வேலைக்குப் பேரும் இல்லை, அரைப்பேரும் இல்லை. முழுப் பேர் என்றால் என்ன என்று அவளைக் கேளாமல் எழுதப்படும் உரை, எவ்வளவு முற்போக்கான சொற்களை அணிந்திருப்பினும், அரைப்பேர் உரையே.

* * *

இங்கே நம் தோழர் சிலர் குறுக்கிட்டு, மதம் மக்களை மயக்குவது. அதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்று வினவலாம். மதம் மயக்கியதுண்டு, தமிழ்க் கூலி மிஷனின் வரலாறே அதற்குச் சான்று தரும். ஆனால் மக்கள் தம் நம்பிக்கையைக் கைகட்டி வாங்கிக்கொள்பவரல்லர். அதனைத் தம் தேவைக்கேற்ப வனைந்துகொள்பவர். தேயிலைத் தொழிற்சாலையின் சுழலும் சக்கரம் கையை விழுங்கிவிடும் என்று அஞ்சியோர், அங்கே ரோதை முனியைக் குடிவைத்தனர். இயந்திரத்தின் காலத்துக்கு ஏற்ற தெய்வத்தைத் தாமே ஆக்கிக்கொண்ட மக்களுக்கு, வந்த வேதத்துக்கு உரை சொல்லத் தெரியாதா? அவர்களுடைய உரையைக் கேளாமல் விட்டுவிட்டால், அவ்வெளி வெறுமையாகக் கிடக்காது. இனவெறியும் மதவெறியும் வந்து குடியேறும்.

மற்றொரு குறுக்கீடு நம்மை நோக்கியதே. சத்தியோதய வட்டத்தினர் வெளியிட்ட ஏட்டின் பெயர் 'குரலற்றோரின் குரல்' என்று பொருள்படுவது. அதன் தொண்டு பெரிது. கிராமத்துச் சிங்களருக்கும் நகரத்துத் தமிழருக்கும் தோட்டத்தின் உண்மையை அது எடுத்துச் சொன்னது. ஆயினும் மலையக மக்கள் என்றாவது குரலற்று இருந்தனரா? நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் மேடையேறிப் பாடிய பாடல்கள், தப்பின் ஒலி, ஒப்பாரி, 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் உயிரைப் பறித்த துப்பாக்கிக்கு முன் நின்ற வேலைநிறுத்தம் இவையெல்லாம் குரல்களே. குறை செவியில் இருந்தது. எழுத்தறிந்த ஆசிரியர்களும் மாணவர்களும் மக்களின் சார்பில் பேசும் பதவியை எளிதில் ஏற்றுக்கொள்கிறோம். பொருள் கூறும் உரிமையை அவர்களிடம் திருப்பிக் கொடுப்பதே கடினமான கடமை.

அக்கடமைக்கு விலையும் உண்டு. மரியன்னையை ஏழைப் பெண்ணாகக் கண்டு விடுதலை நோக்கில் எழுதிய குரு திஸ்ஸ பாலசூரியவை 1997 ஜனவரியில் திருச்சபை விலக்கிவைத்தது. ஓராண்டின் பின்னரே தண்டனை நீக்கப்பட்டது. ஒரு நூலுக்கு மாறுபட்ட உரை சொன்னதற்காக எழுபதைக் கடந்த ஒரு முதியவர் தண்டிக்கப்பட்டார் என்பதிலிருந்து, உரை எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதை உணரலாம்.

2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட ஒரு நடைபயணம் ஆகஸ்டு 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் முன்னோர் காட்டுவழியே நடந்து, பலர் வீழ்ந்து மடிந்த அதே பாதை. தேசிய கிறிஸ்தவ மன்றமும் பல மலையக அமைப்புகளும் அதனை முன்னெடுத்தன. எல்லாச் சமயத்தவரும் நடந்தனர். நடந்தவர்கள் கேட்டது வெளியேறும் வழியன்று. இந்நாட்டின் சமமான குடிகளாக, சொந்தக் காணியோடும் வாழத் தகுந்த கூலியோடும் இங்கேயே இருக்கும் உரிமை. அதாவது, தீர்க்கதரிசி எரேமியா பாபிலோனில் இருந்தோர்க்கு எழுதியதாகச் சொல்லப்படும் நிருபத்தின் நெறி: இருக்குமிடத்தில் வீடு கட்டு, தோட்டம் நடு, அவ்விடத்தின் நலத்தை நாடு. யாத்திராகமத்தை மக்கள் தம் கால்களாலேயே திருத்தி எழுதினர். வெளியேற்றத்தின் கதை, நிலைபெறுதலின் கதையாயிற்று.

வேதமோ குறளோ சட்டப் புத்தகமோ, எந்த நூலை வகுப்பில் விரித்தாலும் நாம் ஒரு பக்கத்தில் நின்றே விரிக்கிறோம். கீழ்ப்படிதலைச் சொல்லும் வசனத்தோடு நிறுத்திவிடுவதா, ஏழு வசனம் தாண்டிப் போய்த் துரைத்தனங்களையும் வாசிப்பதா? நிறுத்துமிடத்தைத் தீர்மானிப்பவர் நாம். பேர் குறையாமல் வாழவேண்டிய பல்லாயிரம் உழைப்பாளரின் பிள்ளைகள் எதிரில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.